ஜூன் முப்பத்தொன்று

சொல்லாமல் போகவேண்டும் என்பது விதி.
நான் வரும் சேதி
எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது.
கியூர்ப்பீப்பின் ஜூலை மழையில்
தட்டக் கை ஓங்குமுன் கதவு திறந்தது.
பதினொரு கட்டிலிலும் புது விரிப்பு.
கடைக்காரன் மடித்த மடிப்பு
சிலுவை சிலுவையாய் இன்னும் கலையவில்லை.

கைப்பிடிக் கம்பி: உண்டு. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.
வெந்நீர்: சுடவில்லை, ஆறவுமில்லை.
தீயணைப்பான்: உண்டு.
அதன் பின்னால் சுவரில்
சதுரமாய் ஒரு வெளுப்பு.
நேற்றுவரை ஏதோ படம் தொங்கிய இடம்.
இரவுப் பணியாளர்: இருவர் என்றது தாள்.
சமையலறை ஆணியில்
ஒரே ஒரு மேலங்கி ஈரம் சொட்டியது.

பிறகு மருந்துப் பேரேடு.
காலை, மதியம், இரவு என்று
கட்டத்துக்குக் கட்டம் கையொப்பம்.
ஒரே நீல மை, ஒரே சாய்வு,
ஒரே உட்காரலில் ஓட்டிய தையல்.
ஜூன் முப்பது, இரவு: கொடுக்கப்பட்டது.
ஜூன் முப்பத்தொன்று, இரவு: கொடுக்கப்பட்டது.

விரலை அங்கேயே வைத்துக்கொண்டேன்.
மதாம் சூப்ராயேன்
தேநீருக்குச் சர்க்கரை எத்தனை என்றார்.

இல்லாத ஒரு நாளில்
பதினொரு பேர் மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள்.
ஒருவருக்கும் வாந்தியில்லை, ஒருவரும் இடறவில்லை.
விபத்துப் பேரேடு பளிச்சென்று வெள்ளை.
பதினேழு வருடமாக
நான் பயப்படுவது வெள்ளைப் பக்கங்களுக்குத்தான்.

ஏழாம் கட்டில், ஜன்னலோரம், மர்தேமுத்து.
சர்க்கரை ஆலையில் எடைமேடைக் கணக்கர்.
"வண்டி நிறைந்து வரும்போது ஒருதரம்,
காலியாய்ப் போகும்போது ஒருதரம்.
ரெண்டும் எழுதினால்தான் எடை, மிஸ்."
தலையணை உறைக்குள்ளிருந்து உருவினார்
குதிரைப் பந்தயத் தாள்கள்.
ஓரமெல்லாம் பென்சில்.

மணி அடித்தது 2.10. வந்தது 3.25.
அடித்தது 11.40. வந்தது —
அடித்தது. அடித்தது.
ஒன்பதாம் கட்டிலில் அழுகை. எழுந்து போனேன்.
விழுந்தேன். கடிகாரம் கைக்கு எட்டவில்லை.

வருடத்துக்கு இருமுறை வருகிறோம் நாங்கள்,
அரசு முத்திரையோடு, அட்டையோடு.
இவர் ஒவ்வோர் இரவும்
பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு
வேலைக்குப் போயிருக்கிறார்.

"படம் எடுத்துக்கொள்ளட்டுமா?"
"எடுங்கள். என் பேர் மட்டும் வேண்டாம்.
நீங்கள் நாலு மணிக்குப் போய்விடுவீர்கள்.
எனக்கு இன்றைக்கு ராத்திரி இங்கேதான்."

கடைசிப் பக்கம்: பரிந்துரை.
தொடரலாம். எச்சரிக்கை. மூடவேண்டும்.
வாக்வாவில் ஓர் இல்லத்தை மூடினேன், போன வருடத்துக்கு முந்தின வருடம்.
குறையில்லாத அறிக்கை. அமைச்சகத்தில் கை குலுக்கினார்கள்.
ஒன்பது பேரை ஒரு வியாழக்கிழமை
வேனில் ஏற்றி வேறு வேறு ஊருக்கு அனுப்பினோம்.
கிறிஸ்துமஸுக்குள் மூவர் போய்விட்டார்கள்.
அது எந்தப் பேரேட்டிலும்
என் கணக்கில் ஏறவில்லை.

எச்சரிக்கை என்று குறித்தேன்.
முப்பது நாள் அவகாசம்.
முப்பது நாளில் எத்தனை இரவு என்று
படிவம் கேட்பதில்லை.
பார்வை நேரம் ஒன்பது முதல் நான்கு.
சட்டம் எழுதியவர்கள்
நன்றாகத் தூங்குகிறவர்களாய் இருக்கவேண்டும்.

வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன்,
பாத்திரம் கழுவினேன், காரை எடுத்தேன்.
இந்த நேரத்தில் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.
விளக்கை அணைத்துவிட்டுத் தெருவில் நின்றேன்.
கண்ணாடியில் மூச்சு படிந்தது, துடைத்தேன்.

11.52. ஏழாம் கட்டில் ஜன்னலில்
அழைப்பு விளக்கு, சிவப்பாய்.
பெட்டியைக் குடைந்து பென்சில் தேடினேன்.
பார்க்கிங் சீட்டின் பின்புறம்தான் கிடைத்தது.

11.58. சிவப்பு.
12.05. சிவப்பு. மாடியில் ஓர் இருமல்.
தட்டியது 12.09.
திறந்தது —